வாகனக் கணினியின் மின்வழங்கியும் வானொலிக் குறுக்கீடும்

முன்னுரை

மோட்டார் வாகனங்களினுள் பொருத்தப்படும் சிறு கணினிகள் இன்று பல பணிகளை ஆற்றுகின்றன. வழியைத் தேசப்படத்திற் காட்டல், இசைப்பதிவுகளை இயக்கல், முன்னுள்ள வீதியைப் படம்பிடித்தல், பேருந்தோ நோயாளர் காவுவண்டியோ எவ்விடத்தில் உள்ளதெனத் தலைமை நிலையத்துக்கு அறிவித்தல் என்பன அவற்றுட் சில. இக்கணினியை இயக்கியதும் அதே வாகனத்தின் வானொலி இரையத் தொடங்குவதும், மெலிந்த நிலையங்கள் முற்றாக மறைந்து போவதும் பலர் கண்ட அனுபவமாகும். வானொலி பழுதுற்றதெனக் கருதி அதனை மாற்றுவோர் உளர். கணினியே குறையுடையதென அதனை மாற்றுவோரும் உளர். பெரும்பாலான வேளைகளில் குற்றம் இவ்விரண்டிலும் இல்லை. வாகனத்தின் மின்னழுத்தத்தைக் கணினிக்கு ஏற்ற அழுத்தமாக மாற்றித் தரும் சிறு மின்வழங்கியிலேயே அது உள்ளது.

இக்குறுக்கீடு எவ்வாறு பிறக்கின்றது, எவ்வழிகளிற் பரவுகின்றது, அதனை எவ்வொழுங்கில் தேடிக் களையலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் முதன்மை நோக்கம். இதனோடு ஒட்டிய இன்னொரு வினாவும் உண்டு. வடிகட்டும் உறுப்புகளை உற்பத்தியாளன் விட்டுவிடும்போது அதன் விலையைச் செலுத்துபவர் யார் என்பதே அது. தொழினுட்ப வினாவுக்கு விடை கண்ட பின்னரே இரண்டாவதற்கும் தெளிவான விடை காண முடியும்.

வரலாற்றுப் பின்னணி

வாகனமும் வானொலியும் தொடக்கத்திலிருந்தே ஒன்றோடொன்று இசையாதவை. 1887, 1888 ஆம் ஆண்டுகளில் ஹேர்ட்சு மின்காந்த அலைகளை ஆய்வுகூடத்தில் உண்டாக்கிக் காட்டியபோது அவர் பயன்படுத்தியது ஒரு தீப்பொறி இடைவெளியாகும். பெற்றோல் எஞ்சினின் தீப்பொறிச் செருகியும் தத்துவத்தில் அதுவே. ஒவ்வொரு பொறியும் அகன்ற மீடிறன் வீச்சில் அலைகளை எறிகின்றது. எனவே வாகன வானொலிகள் 1930 களிற் பரவத் தொடங்கியதும் இரைச்சலை அடக்கும் தேவையும் உடன் எழுந்தது. வானொலிக் குறுக்கீட்டை அளப்பதற்குப் பொதுமுறைகளை வகுக்கும் சிஸ்பர் என்னும் சர்வதேச விசேட குழு 1934 இற் பாரிசிற் கூடியது. இன்றும் இத்துறையின் அடிப்படைத் தராதரங்களை வகுப்பது அக்குழுவே.

கணினியின் வருகையுடன் புதிய இரைச்சல் மூலமொன்று தோன்றியது. 1975 இல் கலிபோர்னியாவில் ஸ்ரீவ் டொம்பியர் என்பவர் அல்ற்றெயர் 8800 கணினியின் அருகே சிறு வானொலி ஒன்றை வைத்து, கணினியின் இரைச்சலையே இசையாக ஒலிக்கச் செய்தார். அன்று அது வேடிக்கையாக இருந்தது. வீட்டுக் கணினிகள் அயல்வீட்டுத் தொலைக்காட்சியைக் குழப்பத் தொடங்கியதும் அவ்வேடிக்கை முறைப்பாடாக மாறிற்று. அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு 1979 இற் கணினிச் சாதனங்களின் கதிர்ப்புக்கு எல்லைகளை விதித்தது. அவ்வெல்லைகள் வாகனத்தை எந்த அளவுக்குத் தொட்டன என்பதைப் பின்னர் நோக்குவோம்.

இரைச்சல் பிறக்குமாறு

எஞ்சின் ஓடும்போது வாகனத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ற்று. சிறு கணினியொன்றுக்குத் தேவையானது 5 வோல்ற்றில் 3 அம்பியர் எனக் கொள்வோம். மிகையான 9 வோல்ற்றை ஒரு தடையைப் போல விழுத்தி அழுத்தத்தைக் குறைப்பது பழைய நேர்கோட்டு முறை. இம்முறையில் மின்கலவடுக்கிலிருந்து 42 உவாற்று பெறப்படும். கணினிக்குச் சேர்வது 15 உவாற்று. எஞ்சிய 27 உவாற்று வெப்பமாக வீணாகும். வெயிலில் நிற்கும் வாகனத்தின் முகப்புப் பலகைக்குப் பின்னால் இவ்வெப்பத்தை அகற்றுவது எளிதன்று. ஆனால் இம்முறை இரைச்சல் உண்டாக்குவதில்லை.

ஆளியிடும் மின்வழங்கி இதற்கு மாறானது. அதிலுள்ள திரான்சிற்றர் ஓர் ஆளியைப் போல முற்றாகத் திறந்தும் முற்றாக மூடியும் இயங்குகின்றது. துண்டுதுண்டாக வரும் மின்னோட்டத்தைத் தூண்டற்சுருளும் கொள்ளளவியும் சமப்படுத்துகின்றன. திறந்த ஆளியில் மின்னோட்டம் இல்லை. மூடிய ஆளியில் அழுத்த வீழ்ச்சி மிகச் சிறிது. ஆகவே இழப்பும் சிறிது. திறன் நூற்றுக்கு 90 எனக் கொண்டால் வீணாவது 2 உவாற்றிலும் குறைவே. இச்சிக்கனமே இம்முறையை எங்கும் பரப்பியது.

சிக்கனத்தைத் தரும் இயல்பே இரைச்சலையும் தருகின்றது. செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை அழுத்தம் சடுதியாக ஏறி இறங்குகின்றது. இத்தகைய சதுர அலை தனது அடிப்படை மீடிறனை மட்டுமன்றி, அதன் முழுவெண் மடங்குகளான அனுசுரங்களையும் கொண்டிருக்கும். மின்வழங்கி 150 கிலோஹேர்ட்சில் ஆளியிடுமாயின், மத்திய அலை வீச்சாகிய 526.5 இலிருந்து 1606.5 கிலோஹேர்ட்சு வரையான பரப்பினுள் 600, 750, 900, 1050, 1200, 1350, 1500 என ஏழு அனுசுரங்கள் வந்து விழும். அவற்றின் அருகே ஒலிபரப்பும் நிலையங்கள் கேட்கமாட்டா. வானொலியின் முள்ளை நகர்த்தும்போது ஒழுங்கான இடைவெளிகளில் இரைச்சல் தோன்றுவதன் காரணம் இதுவே. வாகனங்களுக்கெனக் கவனத்துடன் வடிவமைப்போர் ஆளியிடும் மீடிறனை மத்திய அலைப் பரப்புக்குக் கீழே ஏறத்தாழ 400 கிலோஹேர்ட்சிலோ, அதற்கு மேலே ஏறத்தாழ 2.1 மெகாஹேர்ட்சிலோ அமைப்பதும் இதனாலேயே. மேலே வைத்தால் அடிப்படையும் அனுசுரங்களும் மத்திய அலையைத் தாண்டி நிற்கும். கீழே வைத்தால் மிக வலிய அடிப்படையேனும் அதற்கு வெளியே நிற்கும்.

அனுசுரங்கள் எம்மீடிறன் வரை வலிமை குன்றாது செல்லும் என்பதைத் தீர்மானிப்பது அலையின் ஏறும் நேரம். அழுத்தம் 10 நனோசெக்கனில் ஏறுமாயின் ஏறத்தாழ 32 மெகாஹேர்ட்சு வரை அனுசுரங்கள் மெதுவாகவே குறையும். அதன் பின்னர் விரைந்து குறையும். அவ்வாறாயின் பண்பலை எனப்படும் மீடிறன் மட்டிசை ஒலிபரப்பு, 87.5 இலிருந்து 108 மெகாஹேர்ட்சு வரையான உயர் பரப்பில் ஏன் பாதிக்கப்படுகின்றது? ஆளியிடும் ஒவ்வொரு முறையும் சுற்றின் வேண்டாத் தூண்டலும் வேண்டாக் கொள்ளளவமும் மணி அடித்தாற்போலப் பரிவுற்று அதிர்கின்றன. கம்பித் தடத்தின் தூண்டல் 25 நனோஹென்றியாகவும், குறைகடத்தியின் கொள்ளளவம் 100 பிக்கோபரட்டாகவும் இருப்பின் அவ்வதிர்வின் மீடிறன் ஏறத்தாழ 100 மெகாஹேர்ட்சு. அது பண்பலைப் பரப்பின் நடுவே அமைகின்றது.

இரைச்சல் செல்லும் வழிகள்

ஒவ்வொரு குறுக்கீட்டிலும் மூன்று கூறுகள் உள: பிறப்பிடம், செல்வழி, பாதிக்கப்படும் கருவி. இம்மூன்றையும் வேறுபடுத்தி அறியாது பாகங்களை மாற்றுவது காலத்தையும் பணத்தையும் விரயமாக்கும்.

செல்வழிகளில் முதலாவது மின்கம்பி. மின்வழங்கி மின்கலவடுக்கிலிருந்து துடிப்புகளாக மின்னோட்டத்தை இழுக்கின்றது. அத்துடிப்புகள் நேர்க்கம்பியில் ஒரு திசையிலும் மறைக்கம்பியில் எதிர்த்திசையிலும் பாய்ந்து, அதே கம்பியில் இணைந்துள்ள வானொலியை அடைகின்றன. இதனை எதிர்த்திசை ஓட்டம் எனலாம்.

இரண்டாவது வழி நுட்பமானது. கணினியின் எல்லா வடங்களிலும், நேர்க்கம்பியிலும் மறைக்கம்பியிலும் ஒரே திசையிற் பாய்ந்து, வாகனத்தின் உலோக உடல் வழியாகத் திரும்பும் சிறு மின்னோட்டம் அது. இதனை ஒருதிசை ஓட்டம் எனலாம். எதிர்த்திசை ஓட்டங்களின் புலங்கள் ஒன்றையொன்று பெருமளவில் அழித்துக்கொள்ளும். ஒருதிசை ஓட்டத்தின் புலங்களோ ஒன்று சேரும். ஆதலால் ஒரு மீற்றர் நீளமான வடத்தில் 50 மெகாஹேர்ட்சில் 5 மைக்ரோ அம்பியர் பாய்ந்தாலே, 3 மீற்றர் தூரத்தில் மீற்றருக்கு ஏறத்தாழ 100 மைக்ரோவோல்ற்றுப் புலம் உண்டாகும். வீட்டுச் சாதனங்களுக்கு அமெரிக்க விதிகள் அம்மீடிறனில் அனுமதிக்கும் எல்லையே அவ்வளவுதான். கணினி பெறும் 3 அம்பியருடன் ஒப்பிட்டால் இது ஆறு இலட்சத்தில் ஒரு பங்கு. சாதாரண மின்னோட்டமானியில் இது தென்படமாட்டாது.

மூன்றாவது வழி நேரடிக் கதிர்ப்பு. மின்வழங்கியின் சுற்றுப்பலகையும் கவசமற்ற பெட்டியும் அலைகளை எறிய, ஏரியல் என வழங்கும் வான்கம்பி அவற்றைப் பெறுகின்றது. வடங்களும் தாமாகவே வான்கம்பிகளாகத் தொழிற்படுகின்றன. 100 மெகாஹேர்ட்சில் அலைநீளம் 3 மீற்றர். அதன் காற்பங்காகிய 75 சதமமீற்றர் நீளமுள்ள வடம் சிறந்த வான்கம்பியாகும். திரைக்குச் செல்லும் வடமும் கமராவுக்குச் செல்லும் வடமும் பெரும்பாலும் அந்நீளத்திலேயே அமைகின்றன.

நான்காவது, கணினியின் ஒலி வெளியீட்டை வானொலியின் பெருக்கியுடன் இணைக்கும்போது தோன்றும் புவித்தொடுப்புத் தடம். இரு கருவிகளும் உலோக உடலின் வெவ்வேறிடங்களில் தொடுக்கப்பட்டிருப்பின், அவ்விடங்களுக்கிடையிலான சிறு அழுத்த வித்தியாசம் ஒலியாகக் கேட்கும். இது வானலையில் வரும் குறுக்கீடன்று. இதற்குரிய பரிகாரமும் வேறு.

காரணத்தைத் தனிப்படுத்தல்

தேடலின் அடிப்படை விதி ஒரே தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுவதாகும். பின்வரும் ஒழுங்கு பயன்தரத்தக்கது.

முதலாவதாக, இரைச்சலின் இயல்பைச் செவியால் அறிதல் வேண்டும். நான்கு உருளை எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்றுகளில் ஓடும்போது செக்கனுக்கு 30 தீப்பொறிகள் உண்டாகும். இது வெடிவெடியாகக் கேட்டு, வேகத்துடன் விரைவடையும். ஓல்ற்றனேற்றர் எனப்படும் ஆடலோட்டப் பிறப்பாக்கி வேறு வகையான ஒலியைத் தரும். ஆறு சோடி முனைவுகளையுடைய மூவவத்தைப் பிறப்பாக்கி எஞ்சினைப்போல் மும்மடங்கு வேகத்தில், அதாவது செக்கனுக்கு 45 சுற்றுகளிற் சுழலுமாயின் அதன் மீடிறன் 270 ஹேர்ட்சு. முழுவலைச் சீராக்கலின் பின் எஞ்சும் அலைவு 1620 ஹேர்ட்சு. இது எஞ்சினின் வேகத்துடன் சுருதி ஏறி இறங்கும் ஊளையாகும். எஞ்சினின் வேகத்தோடு எவ்விதத் தொடர்புமின்றி, கணினி இயங்கும்போது மட்டும் தோன்றுவதே மின்வழங்கியின் இரைச்சல். பண்பலையில் இது இரைச்சலாகக் கேளாது, மெலிந்த நிலையங்கள் மறைவதாகவே வெளிப்படலாம்.

இரண்டாவதாக, எஞ்சினை நிறுத்தி, வானொலியை மட்டும் இயக்கி, மெலிந்த நிலையமொன்றைத் தெரிந்து, கணினியின் மின்னிணைப்பை இட்டும் நீக்கியும் பார்த்தல் வேண்டும். எஞ்சின் நின்ற நிலையிலும் இரைச்சல் கணினியுடன் தோன்றி மறையுமாயின் எரிபற்றற் தொகுதியும் பிறப்பாக்கியும் விலக்கப்படுகின்றன.

மூன்றாவதாக, வானொலியின் பின்புறத்தில் வான்கம்பியின் வடத்தைக் கழற்றுதல் வேண்டும். இரைச்சல் மறையுமாயின் அது வான்கம்பி வழியே வந்தது. மறையாதாயின் மின்கம்பி வழியாகவோ ஒலிவடம் வழியாகவோ நுழைகின்றது. ஒலிவடத்தைக் கழற்றி இவ்விரண்டையும் வேறுபடுத்தலாம்.

நான்காவதாக, கணினியை வாகனத்தின் மின்கலவடுக்கிலிருந்து பிரித்து, அருகில் வைத்த வேறொரு 12 வோல்ற்று மின்கலவடுக்கிலிருந்து குறுகிய கம்பிகளால் இயக்குதல் வேண்டும். இரைச்சல் நின்றால் அது வாகனத்தின் கம்பிகள் வழியாகவே பரவியது. நிற்காவிடின் பெட்டியிலிருந்தோ பிற வடங்களிலிருந்தோ கதிர்க்கின்றது.

ஐந்தாவதாக, திரை, கமரா, சேமிப்புக் கருவி ஆகியவற்றின் வடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். ஒரு வடத்தைக் கழற்றியதும் இரைச்சல் பெரிதும் குறையுமாயின் அவ்வடமே வான்கம்பியாகத் தொழிற்படுகின்றது.

ஆறாவதாக, குற்றம் மின்வழங்கியினதா கணினியினதா என்பதைத் தீர்மானித்தல் வேண்டும். கணினியை முற்றாக நீக்கி, மின்வழங்கியின் வெளியீட்டில் அதேயளவு மின்னோட்டத்தைப் பெறும் தடையொன்றை இணைக்கலாம். 5 வோல்ற்றில் 3 அம்பியர் பெறுவதற்கு 1.7 ஓம் அளவான, குறைந்தது 25 உவாற்று தாங்கும் தடை வேண்டும். அது கையாற் தொடமுடியாதபடி சூடேறும். வெளியீடு 12 வோல்ற்றாயின் வாகனத்தின் 21 உவாற்று மின்குமிழே போதும். தடையுடனும் இரைச்சல் தொடருமாயின் மின்வழங்கியே பிறப்பிடம் என்பது உறுதி.

மலிவான சிறு திரான்சிற்றர் வானொலி இத்தேடலிற் சிறந்த கருவியாகும். மத்திய அலையில் நிலையமற்ற இடமொன்றில் அதனை நிறுத்தி, மின்வழங்கி, வடங்கள், பெட்டி ஆகியவற்றின் அருகே கொண்டு சென்றால் அதனுள்ளிருக்கும் பெரைற்றுக் கோல் காந்தப் புலத்தை உணரும். மூலத்தின் மிக அருகே இப்புலம் தூரத்தின் கனத்துக்கு நேர்மாறாகக் குறைவதால், சில சதமமீற்றர் நகர்த்தலே வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும்.

களையும் முறைகள்

இரைச்சலைப் பிறப்பிடத்திலேயே அடக்குவது முதல்விதி. வான்கம்பியில் வடிகட்டி இடுவது பயன்தராது. ஏனெனில் வேண்டிய நிலையமும் வேண்டாத இரைச்சலும் அங்கு ஒரே மீடிறனில் உள்ளன.

எதிர்த்திசை ஓட்டத்துக்கு மின்வழங்கியின் உள்ளீட்டில் தூண்டற்சுருளும் கொள்ளளவியும் சேர்ந்த வடிகட்டி தக்கது. 10 மைக்ரோஹென்றிச் சுருளொன்று 300 கிலோஹேர்ட்சில் ஏறத்தாழ 19 ஓம் தடங்கலைத் தரும். 10 மைக்ரோபரட்டுக் கொள்ளளவி அதே மீடிறனில் 0.05 ஓம் மட்டுமே. நேரோட்டம் தடையின்றிச் செல்ல, துடிப்புகள் சுருளால் மறிக்கப்பட்டுக் கொள்ளளவி வழியே மூலத்துக்குத் திருப்பப்படுகின்றன. கணிப்பின்படி இது துடிப்பை முந்நூறிலொரு பங்கிலும் கீழாகக் குறைக்கவேண்டும்.

செய்கையில் இவ்வளவு கிடைப்பதில்லை. கொள்ளளவியின் கால்கள் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் ஏறத்தாழ 1 நனோஹென்றி தூண்டலை உடையன. மொத்தம் 20 மில்லிமீற்றர் நீளமான கால்கள் 100 மெகாஹேர்ட்சில் ஏறத்தாழ 13 ஓம் தடங்கலாகும். அங்கு கொள்ளளவி கொள்ளளவியாகத் தொழிற்படாது. எனவே பெரிய மின்பகு கொள்ளளவியுடன் சிறிய பீங்கான் கொள்ளளவியையும், கால்களை இயன்றவரை குறுக்கி, மின்வழங்கியின் முனைகளிலேயே இணைத்தல் வேண்டும். சுருள் முழு மின்னோட்டத்தையும் காந்த நிரம்பலின்றித் தாங்க வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு. ஆளியிடும் மின்வழங்கியின் உள்ளீட்டழுத்தம் குறைந்தால் அது அதே வலுவைப் பெறுவதற்காகக் கூடிய மின்னோட்டத்தை இழுக்கும். அதாவது சிறு மாற்றங்களுக்கு அது மறைத்தடைபோல நடந்துகொள்ளும். தணிப்பற்ற வடிகட்டியுடன் இது சேரும்போது முழுத்தொகுதியும் தானாகவே அலையத் தொடங்கலாம். மிடில்புறூக் 1976 இல் இதனை ஆராய்ந்து வடிகட்டி அமைப்பதற்கான நிபந்தனையை வகுத்தார். வடிகட்டியைத் தெரிந்ததும் இரைச்சல் கூடினால் இக்காரணத்தை ஐயுறுதல் வேண்டும். உள்ளே ஓரளவு தடையுடைய பெரிய மின்பகு கொள்ளளவியைச் சமாந்தரமாக இணைப்பது அலைவைத் தணிக்கும்.

ஒருதிசை ஓட்டத்துக்கு ஏற்றது பெரைற்று வளையம். நேர், மறை இரு கம்பிகளையும் ஒன்றாகவே வளையத்தினூடாகச் செலுத்துதல் வேண்டும். அவ்வாறு செய்யின் வழங்கல் மின்னோட்டத்தின் காந்தப் பாயம் அழிந்து, வளையம் நிரம்பாது, ஒருதிசை ஓட்டத்தை மட்டும் மறிக்கும். ஒரு கம்பியை மட்டும் செலுத்தினால் நேரோட்டம் வளையத்தை நிரப்பிப் பயனற்றதாக்கிவிடலாம். தடங்கல் சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், மூன்று சுற்றுகள் ஒரு சுற்றைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு பயன் தரும். பண்பலைக்கு நிக்கல்-நாகப் பெரைற்றும், மத்திய அலைக்கு மங்கனீசு-நாகப் பெரைற்றும் பொருத்தமானவை.

இவற்றுக்குச் செலவில்லாத சில ஒழுங்குகளும் துணைசெய்யும். நேர், மறைக் கம்பிகளை முறுக்கி அவற்றுக்கிடையிலான பரப்பைச் சுருக்குதல்; கணினியின் வடங்களை வான்கம்பி வடத்திலிருந்து விலக்குதல்; வான்கம்பியின் அடியில் நிறப்பூச்சையும் துருவையும் சுரண்டி, வடத்தின் கவசத்தை வாகன உடலுடன் நன்கு தொடுத்தல் என்பன அவை. பழைய வாகனங்களில் இறுதியாகக் கூறிய தொடுப்புக் கெட்டிருப்பதே சிக்கலின் பெரும்பகுதியாக இருப்பதுண்டு. கவசம் உடலுடன் சேராதவிடத்து முழு வடமும் வான்கம்பியாகிவிடும். புவித்தொடுப்புத் தடத்தின் ஊளைக்கு இரு கருவிகளையும் ஒரே புள்ளியிற் தொடுப்பதோ, ஒலிவடத்தில் தனிப்படுத்தும் மாற்றியை இடுவதோ பரிகாரமாகும்.

இவ்வேலைகளின் முன்னர் மின்கலவடுக்கின் மறைமுனையைக் கழற்றுதல் வேண்டும். புதிய கம்பிக்கு உரிய உருகியை மின்கலவடுக்கின் அருகிலேயே இடுதல் வேண்டும். காற்றுப்பை, தடுப்பு, எஞ்சின் கட்டுப்பாடு ஆகியவற்றின் கம்பிகளைத் தொடுதல் ஆகாது.

தராதரமும் சமூகச் செலவும்

மேற்கூறிய உறுப்புகள் யாவும் எளியவை: ஒரு சுருள், இரண்டு மூன்று கொள்ளளவிகள், ஒரு பெரைற்று வளையம், நன்கமைந்த சுற்றுப்பலகை. இவற்றைத் தொழிற்சாலையில் இடுவது மலிவு. விற்றபின் வாகனத்தினுள் இடுவது கடினம். எனினும் மலிவான மின்வழங்கிகள் பலவற்றில் இவை இடம்பெறுவதில்லை. சேமித்த சிறுதொகை உற்பத்தியாளனின் கணக்கிற் சேர்கின்றது. இரைச்சல் எவருடைய கணக்கிலும் எழுதப்படாது வானவெளியிற் சேர்கின்றது. வானொலி அலைப்பரப்பு அனைவருக்கும் பொதுவானது. ஊர்க்குளத்தில் ஒருவர் கழிவைக் கலந்தால் அதன் விலையை நீரருந்துவோர் செலுத்துவதைப் போன்றதே இதுவும்.

தராதரங்கள் இல்லாமலில்லை. வாகனத்துக்கு வெளியேயுள்ள வாங்கிகளைக் காப்பதற்கு சிஸ்பர் 12 உம், வாகனத்தினுள்ளேயுள்ள வாங்கிகளைக் காப்பதற்கு சிஸ்பர் 25 உம் உண்டு. ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 10 ஆம் ஒழுங்குவிதி வாகனங்களினதும் அவற்றிற் பொருத்தப்படும் இலத்திரனியற் தொகுதிகளினதும் கதிர்ப்புக்கு எல்லை வகுக்கின்றது. ஆனால் முன்னர் குறிப்பிட்ட அமெரிக்க விதிகளின் 15 ஆம் பகுதி, வாகனங்களில் மட்டுமே பயன்படும் இலக்கமுறைச் சாதனங்களைக் குறித்த அளவெல்லைகளிலிருந்து விலக்குகின்றது. தீங்கான குறுக்கீடு உண்டாக்கலாகாது என்னும் பொதுநிபந்தனை மட்டும் அவற்றுக்கு எஞ்சுகின்றது. இதன்படி தீங்கு நிகழ்ந்த பின்னர், பாதிக்கப்பட்டவர் அதனைக் கண்டறிந்து முறையிடவேண்டும். கண்டறியும் முறை எத்துணை நீண்டதென்பதை மேலே கண்டோம்.

அளவெல்லைக்கு உட்படுவதும் இரைச்சலை ஒழிப்பதும் ஒன்றல்ல. ஆளியிடும் மீடிறனைச் சிறிது முன்பின்னாக ஆட்டுவதன் மூலம் ஓரிடத்திற் குவியும் சத்தியை அகன்ற பரப்பிற் பரவச் செய்யலாம். 9 கிலோஹேர்ட்சு அகலமுள்ள அளவைக் கருவி அப்போது குறைந்த உச்சத்தையே காட்டும். இது சில நிலையங்களுக்கு உண்மையில் நன்மை செய்கின்றது. எனினும் மொத்தச் சத்தி குறைவதில்லை. வடிகட்டிக்கு இது மாற்றாகாது.

விளைவின் பாரதூரத்தை அண்மைக்கால நிகழ்வொன்று காட்டுகின்றது. மின்கார்களில் பலநூறு வோல்ற்றை ஆளியிடும் இயக்கிகள் உண்டாக்கும் இரைச்சலைக் காரணங்காட்டி, உற்பத்தியாளர் சிலர் வீச்ச மட்டிசை வானொலியையே தமது வண்டிகளிலிருந்து நீக்கினர். இரைச்சலை அடக்குவதற்குப் பதிலாகக் கேட்கும் கருவியை அகற்றுவது என்பதே இதன் பொருள். அமெரிக்காவில் அவசரகால அறிவித்தல்கள் அவ்வானொலியிற் தங்கியிருப்பதால் எதிர்ப்பு எழுந்தது. 2023 மே மாதத்தில் எல்லாப் புதிய வாகனங்களிலும் அதனைக் கட்டாயமாக்கும் சட்டமூலம் காங்கிரசில் முன்வைக்கப்பட்டது. அதே மாதத்தில் போர்ட் நிறுவனம் 2024 ஆம் ஆண்டு வண்டிகளில் அதனை நீக்கும் முடிவைக் கைவிட்டது. குறுக்கீடு தவிர்க்கமுடியாத இயற்கை நியதியன்று, செலவிடுவதா இல்லையா என்னும் தீர்மானமே என்பதை அது உணர்த்தியது.

முடிவுரை

எமது நாட்டு அனுபவமும் இதனை வலியுறுத்துகின்றது. 1990 களில் மின்சாரமும் உலர்மின்கலங்களும் மறுக்கப்பட்ட யாழ்ப்பாணத்தில் துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர். தைனமோவின் ஆடலோட்டத்தை இருவாயிகளாற் சீராக்கி, கொள்ளளவியால் அலைவை அடக்கினாலன்றிச் செய்திக்கு மேலாக உறுமலே கேட்கும். வடிகட்டி என்பதன் அவசியத்தை அத்தலைமுறை செய்தே கற்றது. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை தென்கரையைத் தாக்கித் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, அம்பாந்தோட்டைக்குச் சென்ற அமெச்சூர் வானொலியாளர் சிற்றலை வழியே கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்தினர். அத்தகைய கருவிகள் வாகன மின்கலவடுக்கொன்றைக் கொண்டே இயங்கத்தக்கவை. அவை வாங்கும் சமிக்ஞைகளோ சில மைக்ரோவோல்ற்று அளவினவே. அவ்வாகனத்திலேயே வடிகட்டியற்ற மின்வழங்கியொன்று இயங்குமாயின் உதவி கோரும் குரல் அதன் இரைச்சலுள் அமிழ்ந்துவிடும்.

ஆகவே இறக்குமதியாகும் மின்வழங்கிகள் இத்தராதரங்களுக்கு அமைவனவா எனக் கேட்பதும், பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் அவற்றை அளந்து முடிவுகளைப் பொதுமக்கள் விளங்கும் மொழியில் வெளியிடுவதும் பயனுடைய பணிகளாகும். தொழினுட்பக் கல்லூரிகளில் வாகன மின்னியல் கற்பிப்போர் மேற்கூறிய தேடல் ஒழுங்கைச் செய்முறைப் பயிற்சியாக அமைக்கலாம். அதற்கு வேண்டியவை ஒரு திரான்சிற்றர் வானொலி, ஒரு மின்கலவடுக்கு, ஒரு மின்குமிழ், சில பெரைற்று வளையங்கள் மட்டுமே.